எல்லாரும் சேர்ந்து படிங்க

எங்கள் பள்ளியில் மொத்தம் இருபத்தாறு பிள்ளைகள். ஆசிரியர்கள் ஏழு பேர். இந்தக் கணக்கைக் கேட்டதும் பட்டணத்துப் பள்ளிகளில் வேலை பார்க்கும் என் தோழிகள் ஒரே மாதிரி பெருமூச்சு விடுவார்கள். "குடுத்து வெச்சவ லா நீ. காத்தாடப் பாடம் நடத்தலாம்." நடத்தலாம்தான். கோப்பு எழுதி, நடனத்துக்குப் பாவாடை தேடி, காய்கறித் தோட்டத்தில் பிள்ளைகளை வெண்டைச் செடி பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, அந்தப் படத்தை மூன்று இடத்தில் ஏற்றிய பிறகு நேரம் மிச்சமிருந்தால் தாராளமாக நடத்தலாம்.

பள்ளி கோல சிலாங்கூர் பக்கம், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இப்போது தமிழ்க் குடும்பங்கள் ஐந்தாறுதான். மற்ற வீடுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளிகள். பாதிப் பிள்ளைகள் ஜெராம், சுங்கை செம்பிலாங் பக்கமிருந்து வேனில் வருகிறார்கள். நான் புக்கிட் செந்தோசாவிலிருந்து காரில் வருகிறேன், முன்னால் ஊர்ந்து போகும் செம்பனை லோரியைத் தினமும் திட்டிக்கொண்டே. இருபத்தோரு வருஷமாக இதே பள்ளி. மாற்றல் கேட்டு மூன்று தரம் எழுதிப் போட்டேன், கிடைக்கவில்லை. அதனால் எனக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் மேல் தனிப் பாசம் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன்.

போன வருஷம் சபாக்கில் எங்களுக்கு ஒரு பயிலரங்கு நடந்தது. ஆரம்பக் கல்வியில் எது முதலில், எது பிறகு என்று குழு குழுவாகப் பேசி, மாஜோங் தாள் என்கிற பெரிய தாளில் வண்ணப் பேனாவால் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். எங்கள் குழு "மகிழ்ச்சியான கற்றல்" என்று நடுவில் எழுதி, அதைச் சுற்றி சூரியகாந்திப் பூ வரைந்தது. பூ வரைந்தது நான்தான். கைதட்டல் கிடைத்தது, தின்னக் கறிபாப்பும் கிடைத்தது. பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிய வேண்டும் என்று எந்தக் குழுவும் எழுதவில்லை. அதெல்லாம் தானாக வந்துவிடும் என்று அத்தனை பேரும் நினைத்தோமோ என்னமோ.

பிள்ளைகள் குறைந்துபோனதால் எங்களிடம் கூட்டு வகுப்பு. ஒன்றாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் ஒரே அறையில். சன்னல் பக்கம் சின்னதுகள் ஐந்து பேர், சுவர்ப் பக்கம் பெரியதுகள் நாலு பேர். இந்தப் பக்கம் பாடம் நடத்தும்போது அந்தப் பக்கம் வர்ணம் தீட்டும். என் முறை எளிமையானது. நான் ஒரு வரி படிப்பேன், பிறகு "எல்லாரும் சேர்ந்து படிங்க" என்பேன். அவர்கள் கூரை அதிரப் படிப்பார்கள். அந்தச் சத்தம் அலுவலக அறை வரைக்கும் கேட்கும். பெரிய வாத்தியாருக்கு, அதாவது எங்கள் தலைமையாசிரியருக்கு, அதைக் கேட்டால்தான் காலைத் தேநீர் இறங்கும். சத்தம் வந்தால் பாடம் நடக்கிறது என்று அவர் நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இந்த வருஷம் இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர்களில் ஒருத்தி இருக்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்து, வாய் மட்டும் விழாத பிள்ளை. அப்பா செம்பனை லோரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் வேலை. முதல் நாள் புதுப் புத்தகத்தைக் கொடுத்து, சும்மா பேச்சுக்கு, "யாரு படிக்கறீங்க?" என்று கேட்டேன். இவள் எழுந்து முதல் பாடத்தை ஒரு மூச்சில் படித்து முடித்தாள். எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே இழுத்தாள், எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். நடுவில் ஓர் இடத்தில் என்னைப் போலவே கனைக்கக்கூடச் செய்தாள். எனக்குப் பெருமை பொங்கியது. மூளை கொஞ்சம் பொங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் கணவரிடம், "இந்தப் பிள்ளை ஒரு நாள் டாக்டராகும் பாருங்க" என்றேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, "எல்லா வருஷமும் ஒன்னு ஆகுது உன் வகுப்புல" என்றார்.

எழுத்து வேலையிலும் குறை இல்லை. வெண்பலகையில் இருப்பதைப் பார்த்து முத்து முத்தாக எழுதுவாள். சொல்வதெழுதுதலில் மட்டும் பக்கத்தில் இருப்பவளும் இவளும் ஒரே தப்பைச் செய்வார்கள். அதைக்கூட நான் சிநேகிதம் என்று எடுத்துக்கொண்டேன். முதல் தவணை முடிந்ததும் வாசிப்பில் ஆறாம் நிலை போட்டேன். ஆறுக்கு மேல் நிலை கிடையாது. இருந்திருந்தால் அதையும் போட்டிருப்பேன்.

பிறகு மாவட்டக் கதை சொல்லும் போட்டி வந்தது. கதையை நானே சொல்லிப் பதிவு செய்து அவள் அம்மாவின் கைப்பேசிக்கு அனுப்பினேன். நாலே நாளில் கதை தயார். மேடையில் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, புலிக்கு ஒரு குரல் ஆட்டுக்கு ஒரு குரல் என்று வெளுத்து வாங்கினாள். இரண்டாம் பரிசு. மறு வாரமே பெரிய வாத்தியார் அவள் படத்தைப் போட்டுப் பள்ளி வாசலில் பதாகை கட்டிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. அடுத்த வருஷம் முதலாம் ஆண்டுக்குப் பதிந்திருந்தது ஒரே ஒரு பிள்ளை. பள்ளியைக் கடைசியாகப் பூட்டிய தலைமையாசிரியர் என்ற பேரோடு பென்சன் வாங்க அவருக்கு மனசில்லை.

மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வாசிப்பைச் சோதிக்க வருகிறார் என்று கடிதம் வந்தது. இரண்டு வாரம் இருந்தது. நான் ஒத்திகையை ஆரம்பித்தேன். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு ரோஸ் சிராப் கலக்கிக் கொடுத்திருந்தோம். அதில் ஒரு கோப்பை கவிழ்ந்து சில புத்தகங்கள் நனைந்து, காய்ந்து, பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. இவள் புத்தகமும் அதில் ஒன்று. பதினோராம் பாடம் இருந்த இரண்டு பக்கமும் பசை போட்ட மாதிரி முகத்தோடு முகம் ஒட்டியிருந்தன. அது எனக்குத் தெரியாது.

"பதினோராம் பாடம் படிம்மா" என்றேன். சந்தைக்குப் போகிற பாடம் அது. அவள் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள். பிறகு ஓர் இடத்தில் நிறுத்தி, விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். கத்திரிக்காய், வாழைக்காய், தராசு, பேரம் எல்லாம் வரிசையாக வந்தது. நான் பின்னால் போய் நின்று புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் பெரிய யானை. அது பன்னிரண்டாம் பாடம். யானைக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே கத்திரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். யானைதான்.

ஒரு தாளில் "கடை" என்று எழுதிக் காட்டினேன். "மழை", "படம்" என்று எழுதினேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்காமல் நின்றதும் கொஞ்சம் குழம்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "டீச்சர், இது இன்னும் நீங்க சொல்லிக் குடுக்கலையே."

எனக்கு வந்தது கோபம்தான், வெட்கம் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "ஒன்றரை வருஷமா என்னை ஏமாத்திட்டு இருந்தியா?" என்று கத்தினேன். அந்தப் பிள்ளை மிரண்டுபோய் நின்றது. அழக்கூட இல்லை. தான் என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. காருக்குள் போய் உட்கார்ந்து, குளிரூட்டியைப் போட்டு, பாதி வழி வந்த பிறகுதான் எனக்கே விளங்கியது. ஒன்றாம் ஆண்டில் சன்னல் பக்கம் உட்கார்ந்து வர்ணம் தீட்டிக்கொண்டே, சுவர்ப் பக்கத்துக் கோரஸ் முழுவதையும் ஒரு வருஷம் காதில் வாங்கியிருக்கிறாள். படத்தைப் பார்த்தால் பாடம் வந்துவிடும். படிப்பது என்றால் இதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வேறு எதையும் நான் காட்டவில்லையே.

மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட்டால் அவளுக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுக்க யாரும் உட்கார மாட்டார்கள். அங்கே அறிவியல் இருக்கிறது, வரலாறு வரப்போகிறது, பாதிப் பாடம் மலாய். நான் போட்ட ஆறாம் நிலையைப் பார்த்துவிட்டு, "இவளுக்கென்ன" என்று கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

மறுநாள் பெரிய வாத்தியாரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"இது நமக்கு ரெண்டு பேருக்கும்தானே தெரியும்?"

"இப்போதைக்கு."

"அப்புறம் என்ன லா டீச்சர். அதிகாரி அரை மணி நேரம் இருப்பாங்க. இவளுக்குத்தான் எல்லாப் பாடமும் தலைகீழாத் தெரியுதே. முதல் பாடத்தைப் படிக்க வையுங்க. அவங்க போனதும் மெதுவா எழுத்துச் சொல்லிக் குடுங்க. நான் வேணாம்னா சொன்னேன்?"

"பதாகையில வேற படம் போடலாமே சார்."

"யாரைப் போட? உங்களையா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. ஆனால் அவர் பேச்சில் ஒரு நியாயம் எனக்கும் பட்டது என்பதை மறைக்க மாட்டேன். தாளில் ஆறு போட்டவள் நான். அதிகாரி முன்னால் அது ஒன்றாம் நிலைக்கு இறங்கினால் நாறப்போவது என் பேர்தான். சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று பிற்பகல் அவள் அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஏற்கனவே கடுப்பு. வகுப்புக் குரூப்பில் நான் எத்தனை அறிவிப்பு எழுதினாலும் பதில் எழுத மாட்டாள், குரல் பதிவுதான் அனுப்புவாள். விளையாட்டு நாளில் பிள்ளை பள்ளிச் சீருடையில் வந்து நிற்கும், சீருடை நாளில் விளையாட்டுச் சட்டையில் வரும். "எழுதிப் போட்டிருக்கேனே, கண்ணு தெரியாதா?" என்று ஒரு தடவை எல்லார் முன்னாலும் குரூப்பிலேயே கேட்டிருக்கிறேன். அதற்கும் ஒரு குரல் பதிவு வந்தது, சாரி டீச்சர் என்று.

மோட்டாரை வாசலில் நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வந்தாள். தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. நான் உட்காரச் சொல்லாமலேயே ஆரம்பித்தேன். பிள்ளைக்கு ஓர் எழுத்து தெரியவில்லை, வீட்டில் ஒரு நாளாவது புத்தகத்தை எடுத்து வைத்துக் கேட்டதுண்டா, போட்டிக்கு மட்டும் வந்து கைதட்டினால் போதுமா என்று பொரிந்து தள்ளினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னாள்.

"கேட்டேன் டீச்சர். தினமும் படிச்சுக் காட்டுவா. சரியா படிக்கறாளான்னு எனக்குத் தெரியாது."

"ஏன் தெரியாது? நீ தமிழ்ப்பள்ளியில படிச்சவதானே?"

"இங்கதான் படிச்சேன். ரெண்டாம் ஆண்டு உங்க வகுப்புலதான். எனக்கும் அப்படித்தான் டீச்சர். எல்லாரோடயும் சேர்ந்து சொன்னா வரும். தனியா வராது. ஆறாம் ஆண்டு வரைக்கும் வாயசைச்சே ஓட்டிட்டேன். இடைநிலைப்பள்ளியில கண்டுபிடிச்சுட்டாங்க. மூனாம் படிவத்தோட நின்னுட்டேன்."

அழுதுகொண்டு சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். நான் அவள் முகத்தைத் தேடிப் பார்த்தேன். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் நான் புதிதாக வந்தபோது, மூன்றாவது வரிசையில் கணீர் என்று கத்தும் ஒரு பிள்ளை இருந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். அந்தப் பிள்ளைக்கும் நல்ல மதிப்பெண் போட்டிருப்பேன், சந்தேகமே இல்லை.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. வாயில் வந்ததோ, "காப்பி குடிக்கறியா?" என்பதுதான். "வேணாம் டீச்சர், ராத்திரியும் ஓவர்டைம் இருக்கு" என்று கிளம்பினாள். வாசலில் நின்று, "இவளுக்காவது வருமா டீச்சர்?" என்று கேட்டாள். வரும் என்றேன். அவள் அதை எவ்வளவு நம்பினாளோ, எனக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து கோரஸை நிறுத்தினேன். வகுப்பு துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. பெரிய வாத்தியார் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "எல்லாருக்கும் காய்ச்சலா?" என்று கேட்டார். ஓய்வு நேரத்தில் பாதியை இவளுக்கென்று ஒதுக்கினேன். துண்டுத் தாளில் ஒரு நாளைக்கு நாலு எழுத்து. முதல் நாள் சிரித்துக்கொண்டே வந்தாள். மூன்றாம் நாள் சிரிப்பில்லை. "க" வரும், "ங" வராது. நேற்று வந்தது இன்று ஓடிப்போகும். பக்கத்துப் பிள்ளைகள் மீ கோரெங் தின்றுகொண்டு சன்னல் வழியாகப் பார்ப்பார்கள். மாவட்டத்தில் இரண்டாம் பரிசு வாங்கியவள் இப்போது ஒன்றாம் ஆண்டுச் சிண்டுகளுக்கும் பின்னால் நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பில் கை தூக்குவதை விட்டாள். கதை சொல்லச் சொன்னால் மாட்டேன் என்றாள். அந்த வாய் அடங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிகிறதோ என்று பயந்தே போனேன்.

அதிகாரி வந்த நாளில் பெரிய வாத்தியார் புது டை கட்டியிருந்தார். அதிகாரி தமிழ்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும், கையில் தட்டைக் கணினி. இரண்டு பிள்ளைகள் படித்தார்கள். பிறகு பெரிய வாத்தியார் என் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்து, முதல் பாடத்தைத் திறந்து, இவளிடம் நீட்டினார். "இது நம்ம நட்சத்திரம்" என்றார் அதிகாரியிடம். பிள்ளை புத்தகத்தைப் பார்த்தது. படத்தைப் பார்த்ததுமே அதன் முகம் தெளிந்தது. இது தெரியும். வாயைத் திறந்தால் போதும். எனக்கும் அது போதும், நானும் தப்பித்துவிடுவேன். அவள் அம்மாவும் இதே அறையில் இப்படித்தான் தப்பித்திருப்பாள், ஒவ்வொரு நாளும்.

"அந்தப் பாடம் அவளுக்கு மனப்பாடம்மா" என்றேன். "பார்க்காமலே சொல்லுவா. அவளுக்கு ஆறாம் நிலை போட்டது என் தப்பு. எழுத்துக் கூட்டவே இப்பதான் ஆரம்பிச்சிருக்கா. வேற ஏதாவது குடுங்க."

பெரிய வாத்தியார் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். தலையை இறக்கியபோது அவர் பார்வை என் மேல் விழவில்லை, இனிமேலும் விழாது போல இருந்தது. அதிகாரி என்னை ஒரு முறையும் கணினியை ஒரு முறையும் பார்த்தார்.

"போன தவணை மூடியாச்சு டீச்சர். சிஸ்டத்துல நிலையை இறக்க முடியாது. விளக்கக் கடிதம் எழுதிக் குடுங்க."

அப்படியாக, அவள் இன்னும் ஆறாம் நிலையில்தான் இருக்கிறாள், கணினியில்.

அதிகாரி எழுந்து போய் வெண்பலகையில் எழுதினார்: அம்மா கடையில் மீன் வாங்கினார். படம் கிடையாது, பாட்டுக் கிடையாது. இவள் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வழக்கம்போல என் வாயைப் பார்த்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். பிறகு, கிணற்றிலிருந்து வருகிற மாதிரி, அ என்று வந்தது. ம். மா. அம்மா. க. டை. யி. ல். மீன் என்பதற்கு ரொம்ப நேரம் ஆனது. வகுப்பில் இரண்டு பேர் பொறுக்காமல் சொல்லிக் கொடுக்கப் பார்த்தார்கள், அதிகாரி கையைக் காட்டி அடக்கினார். வா. ங். கி. அதோடு நின்றுவிட்டாள். மூன்றரைச் சொல். காதுவரை சிவந்து, நெற்றி வியர்த்து, அந்தப் பிள்ளை தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. "மெதுவா இருக்கே" என்று சொல்லி அதிகாரி எதையோ தட்டிக்கொண்டார். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. ஐம்பதை நெருங்குகிற பொம்பளை குதித்தால் நன்றாக இருக்காது என்று சும்மா இருந்தேன்.

ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் எல்லாம் ஓடிய பிறகு அவள் வகுப்பிலேயே இருந்தாள். துண்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். "இன்னிக்கு மூனு சொல் நீயாவே படிச்ச, பாத்தியா?" என்றேன். பாராட்டில் அவள் மசியவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"முன்னாடி எனக்கு முழுப் புத்தகமும் படிக்கத் தெரியும் டீச்சர். எல்லாரும் கைதட்டுவாங்க. நீங்க சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சதுலேருந்துதான் தெரியாமப் போச்சு. நீங்கதான் கெடுத்துட்டீங்க."

மறுத்துப் பேச எனக்கு ஆயிரம் இருந்தது. கெட்டது இந்த இரண்டு வாரத்தில் இல்லை என்று விளக்கியிருக்கலாம். எட்டு வயசுப் பிள்ளையிடம் அதை எங்கே ஆரம்பிப்பது, அவள் அம்மாவிடமிருந்தா?

"ஆமாம்மா, நான்தான் கெடுத்தேன்" என்றேன்.

நான் ஒத்துக்கொள்வேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போல. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் கையை நீட்டி அன்றைய நாலு எழுத்தையும் கேட்டாள்.